நெரெய்டா கேட்ட முடிவு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. நடுத்தெருவில் ஒருத்தி என்னை நிறுத்தி, எழுதிக் கொடு என்று கேட்டாள். அதிலும் கதையைக் கேட்கவில்லை, அதன் முடிவைத்தான் கேட்டாள்.

கேட்டவள் நெரெய்டா. எங்கள் ஊர் டாக்சி ஸ்டாண்டில் தும்பேஸ் நகரத்துக்கு ஆள் கூப்பிடுகிறவள். பெருவின் வடக்கு ஓரத்தில், பாலம் தாண்டினால் ஈக்வடார் என்கிற இடத்தில் எங்கள் ஊர். நெல்லும் வாழையும் போக மீதி இடத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் இங்கே வந்து சேர்ந்து நெடுநாளாகிவிட்டது; எந்த மொழியில் எழுதுகிறேன் என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. எழுதுகிறவன் என்பதால் எல்லோருக்கும் நான் வாத்தியார்.

"வாத்தியாரே, இங்க வா. தும்பேஸ் தும்பேஸ், ரெண்டே பேர்! நீ கதை எழுதுறவன்தானே?"

"ஆமா."

"அப்ப என்னை எழுது. ரெண்டே பேர், ரெண்டே பேர்! நான்தான் முழுகாம இருக்கேன்ல."

"ஊருக்கே தெரிஞ்ச சேதியாச்சே. அதுக்கு எதுக்குக் கதை?"

"கதைன்னா முடிவு இருக்கும்ல? பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே அந்த முடிவை எழுதிக் குடுத்துடு. எப்படிப் பொறக்கும், பேசுமா பேசாதா, எல்லாம் எழுதிக் குடு. தெரிஞ்சுட்டா நிம்மதியாத் தூங்குவேன். ஏய் தாத்தா, தும்பேஸா? ஏறு, ஏறு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த வாசகரும் என்னிடம் முடிவு வேண்டும் என்று அடம்பிடித்ததில்லை. பதிப்பாளர்கள் கேட்பதெல்லாம் பக்கத்தைக் குறை என்பதுதான். மீன் வாங்கப் போனவன் வெறும் பையோடு வீட்டுக்கு ஓடினேன். மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை. அதைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். எழுதியதை அன்றன்றே நெரெய்டாவுக்கு அவள் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் தொடக்கம்: நெரெய்டா கீழே விழுந்தபோது அவள் கையிலிருந்த கூடை உருண்டு—

"நிறுத்து" என்றாள். "முதல் வரியிலயே என்னைக் கீழ தள்ளிட்டியா? எங்கள மாதிரி வலிப்புக்காரங்கள எழுத வந்தா உங்க எல்லாருக்கும் நாங்க முதல்ல தரையில கெடக்கணும். வாயில நுரை வேற வெச்சிருப்ப."

வைத்திருந்தேன். இரண்டாவது வரியில்.

இரண்டாம் தொடக்கம்: வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் சில, கர்ப்ப காலத்தில் உட்கொள்ளப்படும்போது, கருவில் வளரும் குழந்தையின்—

"இது டாக்டர் சிலுப்பு பேசுறதுதானே? அவரு காசு வாங்காமச் சொல்றாரு. உனக்கு என்ன வேலை?"

மூன்றாவதை 'ரெண்டே பேர்!' என்று தொடங்கினேன். கையைத் தட்டிச் சிரித்தாள். "ஆங், இதுதான் நான்."

ஆகவே கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதுவரை படித்ததை நீங்கள் மறந்துவிடலாம். (மறக்க வேண்டாம். அவள் முடிவு கேட்டாள் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ரெண்டே பேர் என்று நெரெய்டா கத்தினால் காரில் இன்னும் ஒருவர்கூட ஏறவில்லை என்று அர்த்தம். ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் இடம் போய்விடுமோ என்று ஓடிவந்து ஏறுவார்கள், குரல் அப்படி. அவள் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் அரிசி ஆலையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் வில்மர் நிமிர்ந்து பார்ப்பான்.

அவர்கள் மகன் எல்கினுக்கு ஒன்பது வயது. நாலு வயதுவரை அவனுக்குத் தண்ணி என்ற ஒரு சொல்தான். இப்போது சின்னச் சின்னதாகப் பேசுவான். நீளமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பாதியில் விட்டுவிட்டு, மீதியை நீயே புரிந்துகொள் என்பதுபோல எதிராளியின் முகத்தைப் பார்ப்பான். பள்ளியில் இரண்டு வகுப்பு பின்னால். கார்னிவல் திருவிழா நாளில் தண்ணீர் பலூன் வீசுவதில் அவனுக்கு நிகர் இந்த ஊரில் கிடையாது, நான் நனைந்திருக்கிறேன்.

நெரெய்டாவுக்குப் பதினெட்டு வயதில் வலிப்பு வந்தது. இந்தப் பக்கம் அது அதிசயமில்லை. பன்றிகளோடு சுற்றும் ஒரு புழுவின் முட்டை எப்படியோ வயிற்றுக்குள் போய், அங்கிருந்து தலைக்குப் போய்க் குடியேறிவிடும். எங்கள் தெருவிலேயே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களை எண்ண இரண்டு கை போதாது. நெரெய்டாவுக்கு வால்ப்ரோயேட் கொடுத்தார்கள். வலிப்பு நின்றது. அவள் வேலைக்குப் போனாள், ஆடினாள், கல்யாணம் செய்துகொண்டாள். எல்கினைச் சுமந்த மாதங்களில் ஒரு வேளை விடாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். நல்ல தாயாக இருக்கிறோம் என்ற பெருமையோடு சாப்பிட்டாள்.

இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டு டாக்டர் சிலுப்புவிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சிலுப்பு ஊருக்குப் புதிது. சின்ன வயசு, பெரிய காது. அவர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அவருடைய ஸ்டெதாஸ்கோப்பை நாய்க்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எல்கினையும் பார்த்தார்.

"நெரெய்டா, இந்த மருந்துக்கும் எல்கினோட பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இருக்கலாம். வயித்துல பிள்ளை இருக்கும்போது நூறு தாய்மாருங்க இதைச் சாப்பிட்டா, பத்துப் பிள்ளைங்களுக்கு முதுகெலும்பு, இதயம், உதடுன்னு உடம்புல ஏதாவது குறை வரும். முப்பது நாப்பது பிள்ளைங்களுக்குப் பேச்சும் படிப்பும் தாமதமாகும். இதை உங்களுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும்."

"நான் ஒரு வேளைகூட விடலையே டாக்டர்" என்றாள் நெரெய்டா. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தட்டுகளை உடைத்தாள். வில்மர் தடுக்கவில்லை. அலமாரியில் எட்டாத உயரத்தில் இருந்தவற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

பிறகு சிலுப்பு சொன்னபடி நடந்தாள். பழைய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லாமோட்ரிஜின் என்ற புது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். கூடவே ஃபோலிக் மாத்திரை. வலிப்பு வரவில்லை. "இனி பிள்ளை பெத்துக்கலாம்" என்றார் சிலுப்பு. நெரெய்டா அன்று ஸ்டாண்டில் ரெண்டே பேர் என்று கத்தியது ஈக்வடாரில் கேட்டிருக்கும்.

(* இங்கே ஒரு குறிப்பு. வால்ப்ரோயேட்டை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அது எத்தனையோ பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறது. சிலருக்கு அது ஒன்றுதான் கேட்கும். மருந்து கெட்டதில்லை. கருத்தரிக்கக்கூடிய ஒருத்தியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைக் கொடுத்துவிடுவதுதான் கெட்டது.)

4

இனி டெல்ஃபினா. இந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்றுதான் எனக்குத் தலைவேதனை.

டெல்ஃபினா தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். எல்கினுக்கு ஞானஸ்நானத் தாய். அவளுக்கும் வலிப்பு உண்டு. கடையில் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும். அதற்குள் மாத்திரைகள். சுகாதார நிலையத்தில் மருந்து தீர்ந்துபோவது இங்கே சகஜம். மிச்சம் வைத்திருப்பவர்கள் டப்பாவில் போடுவார்கள், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு வைப்பாள் டெல்ஃபினா. அப்போதுதான் எல்லோருக்கும் பங்கு வரும். எந்தத் துண்டிலும் முழுப்பெயர் இருக்காது. இந்தத் தெருவுக்கு அது எல்லாமே வலிப்பு மாத்திரைதான்.

முதல் வரைவில் அவளைக் கருமியாக எழுதினேன். அடித்துவிட்டேன். இரண்டாவதில் பொறாமைக்காரியாக எழுதினேன். குழந்தை இல்லாதவள், நெரெய்டாவின் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு—

ச்சீ. அதையும் அடித்துவிட்டேன். உண்மை இதைவிடச் சங்கடமானது: அவள் நல்லவள். அந்த டப்பா இல்லையென்றால் இந்தத் தெருவில் பல பேர் அடுப்பிலோ வாய்க்காலிலோ விழுந்திருப்பார்கள்.

ஜனவரியில் மழை வெளுத்து வாங்கியது. ஆறு சாலையைத் தின்றுவிட்டது. சிலுப்பு தும்பேஸில் மாட்டிக்கொண்டார், மருந்து வண்டியும் வரவில்லை. நெரெய்டாவின் புது மாத்திரை தீர்ந்தது.

"கவலைப்படாதடி" என்றாள் டெல்ஃபினா. முழங்கால் அளவு தண்ணீரில் பாலத்தைத் தாண்டி ஈக்வடார் பக்கம் போய், தெருவுக்கே மருந்து வாங்கி வந்து டப்பாவை நிரப்பினாள். நெரெய்டாவின் உள்ளங்கையில் ரோஸ் நிற மாத்திரைகளைக் கொட்டினாள். நெரெய்டா பத்து வருஷத்துக்கு மேலாகச் சாப்பிட்ட பழைய மாத்திரை வெள்ளை, நீளமானது. இது ரோஸ், உருண்டை. அது வேறு இது வேறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கர்ப்பம் தரித்திருப்பதும் தெரியாது. சாலை திறக்கும்வரை வாரக்கணக்கில் சாப்பிட்டாள்.

5

இந்தப் பகுதிக்காகத்தான் நான் காத்திருந்தேன்! கார்னிவல் கடைசி ஞாயிறு, யுன்சா!

தெரு நடுவில் ஒரு மரத்தை நட்டு, கிளையெல்லாம் பிளாஸ்டிக் வாளி, போர்வை, துண்டு, பலூன் கட்டியிருந்தார்கள். ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுற்றி ஆட வேண்டும். முறை வரும் ஜோடி கோடரியால் ஆளுக்குச் சில வெட்டு. மரம் யார் வெட்டில் விழுகிறதோ அவர்கள்தான் அடுத்த வருஷம் மரமும் வாத்தியமும் சாப்பாடும் வைக்க வேண்டும். அதனால் மரம் ஆடத் தொடங்கியதும் ஊரின் பெரிய வீரர்கள் எல்லாம் கோடரியை இறகால் தடவுவதுபோலத் தடவுவார்கள். தாளம் காதைக் கிழித்தது, சோளக் கள் ஓடியது, எல்லோர் முகத்திலும் மாவு. எல்கின் கூரைமேல் பலூன்களோடு பதுங்கியிருந்தான்.

வில்மரோடு ஆடிக்கொண்டிருந்த நெரெய்டா சட்டென்று விலகி, பீர் பெட்டிகளுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். டெல்ஃபினா பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளாடி இது?"

"காலையிலதான்க்கா. இறால் சேரலைபோல."

"இறாலா? இறாலுக்கா மூஞ்சி இப்படி மின்னுது? டேய், வாத்தியத்தை நிறுத்துங்கடா! நெரெய்டா முழுகாம இருக்கா!"

வாத்தியம் நிற்கவில்லை; இன்னும் வேகமெடுத்தது. வில்மர் அவளைத் தூக்கிச் சுற்றினான். யாரோ அவள் தலையில் மாவைக் கொட்டினார்கள். முந்தின நாள்தான் திறந்த சாலையில் வந்து சேர்ந்திருந்த டாக்டர் சிலுப்பு, பெரிய காதுகளிலும் மாவோடு, ஆடிக்கொண்டே வந்தார்.

"நல்ல வேளை, முன்னாடியே மருந்தை மாத்தினோம்!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார். "ஆமா, நிலையத்துல ஸ்டாக்கே இல்லையே, எப்படிச் சமாளிச்சீங்க?"

"டெல்ஃபினாக்கா டப்பா இருக்குல்ல!" என்று நெரெய்டாவும் கத்தினாள்.

"என்ன டப்பா?"

"ரோஸ் மாத்திரை டாக்டர்! உருண்டையா!"

சிலுப்புவின் கால்கள் ஆடுவதை நிறுத்தின. டெல்ஃபினா கடைக்கு ஓடி, கூட்டத்தைப் பிளந்து, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாருங்க டாக்டர், உங்க ஆபீஸை நம்பினா நாங்க செத்தோம். இதுதான் எங்க ஆஸ்பத்திரி!" சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து, அறுபட்ட எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நெரெய்டாவின் காதருகே குனிந்தார்.

"இது பழைய மருந்துதான். கம்பெனிதான் வேற."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஆட்டம் அவர்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

"இப்பவே நிறுத்திடட்டா?"

"கூடாது! திடீர்னு நிறுத்தினா பெரிய வலிப்பு வரும், அது உங்க ரெண்டு பேருக்கும் ஆபத்து. நாளைக்குக் காலையில வாங்க. மறுபடி படிப்படியா மாத்துவோம்."

"பிள்ளைக்கு?"

"தெரியாது நெரெய்டா. நிஜமாவே எனக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. டப்பா அவள் கையிலிருந்து நழுவியது.

(இங்கே நெரெய்டா கோடரியைப் பிடுங்கி ஒரே வெட்டில் மரத்தைச் சாய்ப்பதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அருமையாக வந்திருந்தது! "வலிப்புக்காரி கையில கோடரியா, உனக்குப் பைத்தியமா?" என்றாள் நெரெய்டா. கிழித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: எல்லோரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மரம் விழுந்துவிட்டது. யார் வெட்டில் விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த வருஷச் செலவுக்குப் பயந்து இன்றுவரை மூன்று ஜோடி நான் இல்லை நீதான் என்று சண்டை போடுகிறது.)

6

மறுநாளிலிருந்து ஊரே டாக்டராகிவிட்டது. எல்லா மாத்திரையையும் விட்டெறி என்றார்கள். வில்மரும் சொன்னான்.

"விட்டுடு நெரெய்டா. பிள்ளைக்காக. கொஞ்ச மாசம்தானே."

"ஸ்டாண்டுல கார் நடுவுல விழுந்தா? அடுப்பு மேல விழுந்தா? வயித்துமேல விழுந்தா? அப்ப பிள்ளை எங்க இருக்கும்?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு இல்லையா? வா, சேர்ந்து பயப்படுவோம். ஆனா மாத்திரையை நிறுத்த மாட்டேன்."

புது மருந்தை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். ரோஸ் மாத்திரை பாதியாகி, காலாகி, இல்லாமல் போனது. நடுவில் ஒருமுறை வலிப்பு வந்தது. (தரையில் விழுந்ததை எழுதக் கூடாது என்று ஒப்பந்தம். வில்மர் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.)

டெல்ஃபினா டப்பாவை ஆற்றில் எறிந்துவிட்டு, கடையை இழுத்துச் சாத்திக்கொண்டாள். ஸ்டாண்டில் கத்துகிற குரலில் நெரெய்டா தெருவில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா! கதவைத் திற!"

"போடி. என் மூஞ்சியில முழிக்காத. என் கையால குடுத்தேனே."

"நான் கேக்காம வாங்கினேன். ரெண்டு பேரும் முட்டாளுங்கதான், திற! எதுக்கு டப்பாவை எறிஞ்சே? மில்லு வாட்ச்மேனுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, உன் கடை வாசல்ல உக்காந்திருக்காரு."

கதவு ஒரு சாண் திறந்தது. "அந்தாளு ஆம்பளை. ரோஸ் குடுத்தா பாதகமில்லைல்ல?"

"அதை டாக்டர்கிட்ட கேட்டுக் குடு. இனிமே அட்டையை வெட்டாத. பிள்ளை பெத்துக்குற வயசுல யாரு வந்தாலும் டப்பாவை மூடிட்டு நிலையத்துக்கு அனுப்பு."

புது டப்பா வந்தது. ஆனால் டெல்ஃபினா நெரெய்டாவின் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. வயிறு வளர வளர, அவள் தெருவைச் சுற்றிப் போனாள்.

ஸ்கேனில் முதுகெலும்பு மூடியிருந்தது. இதயத்துக்கு நாலு அறை. சிலுப்பு துள்ளினார், நெரெய்டா துள்ளினாள், இதை எழுதும்போது நானும் துள்ளினேன். "பேச்சு தெரியுமா இதுல?" என்று அவள் கேட்டபோது அவர் திரையை அணைத்தார். "அதைக் காட்டுற மெஷின் இன்னும் வரலை. ரெண்டு மூணு வருஷம் பொறுத்துப் பாக்கணும்."

அப்போதுதான் அவள் நேராக ஸ்டாண்டுக்கு வந்து, மீன் வாங்கப் போன என்னை நிறுத்தினாள்.

7

இப்போது புரிகிறதா என் பரபரப்பு? நூறு பேருக்குப் பதில் சொல்வது டாக்டரின் வேலை. இவள் ஒருத்தி. ஒருத்திக்குப் பதில் சொல்வது கதைக்காரனின் வேலைதானே! நூறில் எந்தப் பக்கம் என்று நான் எழுதிவிடலாம். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. இரவு பகல் பாராமல் எழுதினேன். முடிவுகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மேஜையில் எல்கின் வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தான்.

முடிவு அ: பெண் குழந்தை. பத்து மாதத்தில் பேசுகிறாள். பள்ளியில் முதல். ஊர்ச் சதுக்கத்தில் மேடையேறி—

"நடந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் நெரெய்டா. "ஆனா லஞ்சம் குடுக்குற மாதிரி இருக்கு. அடுத்தது."

முடிவு ஆ: மூன்று வயதாகியும் குழந்தை பேசவில்லை. நெரெய்டா வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அவள் பயந்தது நடந்துவிட்டது. அந்த வீட்டின் வெளிச்சம்—

"நிறுத்து. யாரு அந்தப் பிள்ளை?"

"கற்பனைதான்."

"இல்ல. அது எல்கின். என் பிள்ளைய நீ சோக முடிவா வெச்சிருக்க."

எல்கின் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீதானே கோபப்பட்டே? தட்டையெல்லாம் உடைச்சியே நெரெய்டா?" என்றேன்.

"இன்னமும் கோபம் இருக்கு வாத்தியாரே! எனக்குச் சொல்லாம விட்டவங்க மேல இருக்கு. ஒரு வார்த்தை சொல்ல என் பிள்ளை படுற பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பாடு இன்னொண்ணுக்கு வேணாம்னுதான் தினமும் வேண்டுறேன். ஆனா எல்கின் வந்ததுல எனக்கு எங்க சோகம்? அவன் என் முடிவா? அவன் பாட்டுக்கு வறுவல் தின்னுட்டு இருக்கான். ரெண்டும் வேற வேற. இதுகூடத் தெரியாம நீ என்னத்தை எழுதுற?"

எல்கின் வறுவல் தட்டை என் பக்கம் தள்ளினான். "கதை..." என்றான். நாங்கள் காத்திருந்தோம். "கதை நல்லா... இல்ல."

நெரெய்டா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. வெட்கமாக இருந்தது.

முடிவு இ என்று ஒன்று என் பையில் இருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

"எதுவும் வேணாம். நான்தான் கேட்டேன், நானே வேணாங்குறேன். நீ ஒண்ணை எழுதிட்டா அப்புறம் பிள்ளைய பாக்க மாட்டேன், நீ எழுதினது வருதா வருதான்னுதான் பாத்துட்டிருப்பேன்."

8

இன்று காலை வில்மரிடமிருந்து செய்தி: பொண்ணு!

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மருத்துவமனையின் அறைக்குள் தெருவே நின்றது. எல்லோரும் சிரித்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தார்கள். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் விரல்களை எண்ணினாள். இன்னொருத்தி நெற்றியை அளந்தாள். சிலுப்பு முதுகைத் தடவி, இதயத்தைக் கேட்டு, "நல்லா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இவங்க யாரும் பிள்ளைய பாக்க வரல வாத்தியாரே" என்றாள் நெரெய்டா. "பரீட்சை வெக்க வந்திருக்காங்க."

எல்கின் கட்டில் ஓரத்தில் முகவாயை வைத்து, குழந்தை கொட்டாவி விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொட்டாவி விட்டால் அவனும் விட்டான்.

தாழ்வாரத்துக் கோடியில் டெல்ஃபினா நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. நெரெய்டாவின் குரல் இத்தனை வலிக்குப் பிறகும் அப்படியே இருந்தது. கூப்பிட்டதில் நர்ஸ் ஓடிவந்தாள். டெல்ஃபினா வந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நெரெய்டாவின் காலடியில் நின்றாள்.

"அங்க என்ன நிக்குற? வந்து தூக்குக்கா."

"நானா?"

"இவளுக்கும் ஞானத்தாய் வேணும்ல. வேற யாரு இருக்கா?"

டெல்ஃபினா வாய்விட்டு அழுதுகொண்டே வாங்கினாள். வெகுநேரம் கொடுக்கவே இல்லை.

பிறகு நெரெய்டா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வெளிய யாரு நிக்குறது?"

"கதை படிக்கிறவங்க" என்றேன். "முடிவு என்னன்னு கேட்டு வந்திருக்காங்க."

"முடிவு இல்லன்னு சொல்லு. பிள்ளை இருக்கு, வேணும்னா தூக்கச் சொல்லு. கையைக் கழுவிட்டு."

உள்ளே வாருங்கள். குழாய் கதவுக்குப் பக்கத்தில். சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்த நாற்காலியில் உட்காருங்கள். கழுத்து இன்னும் நிற்காது, தலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுங்கள். அப்படித்தான். விரலை எண்ணாதீர்கள், நெற்றியை அளக்காதீர்கள். அதோ, கண்ணைத் திறக்கிறாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.

ஏதாவது பேசுங்கள் அவளிடம்.